சிறு நிகழ்வுகளும் பெரு விபத்துகளும்: அணு உலைப் பாதுகாப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அணு உலை விபத்துகளின் வரலாறு பெரும்பாலும் மூன்று பெயர்களால் நினைவுகூரப்படுகிறது: திரீ மைல் ஐலண்ட், செர்னோபில், ஃபுகுஷிமா. இம்மூன்றுக்கும் முன்னரே அதே வகையான கோளாறு வேறோர் இடத்தில், சிறிய அளவில், பெருஞ்சேதம் விளைவிக்காமல் நிகழ்ந்திருக்கிறது. அந்நிகழ்வுகளிலிருந்து பெறப்பட்ட அறிவு, அது தேவைப்பட்ட கட்டுப்பாட்டு அறையை உரிய காலத்தில் சென்றடையவில்லை. 1957 முதல் 2011 வரையிலான விபத்துகளை அவற்றின் முன்னிகழ்வுகளோடு இணைத்து நோக்கும் இக்கட்டுரை, அணு உலையின் பாதுகாப்பு பொறியமைப்பைச் சார்ந்திருக்கும் அளவிற்கே செய்திப் பரிமாற்றத்தையும் சார்ந்துள்ளது என்பதை விளக்குகிறது. நரோரா, கல்பாக்கம் ஆகிய இந்திய நிலையங்களின் அனுபவங்களும் இவ்வகையில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அணு உலை, சிதைவு வெப்பம், முன்னிகழ்வு, அயோடின்-131, ஆழிப்பேரலை, ஒழுங்குமுறை ஆணையம்.

முன்னுரை

அணுமின் நிலையங்கள் பற்றிய பொது விவாதம் இரு துருவங்களுக்கிடையே ஊசலாடுவது வழக்கம். ஒரு தரப்பு அணுவாற்றலை இயல்பிலேயே கட்டுக்கடங்காத ஒன்றாகக் காண்கிறது. மறுதரப்பு ஒவ்வொரு விபத்தையும் பிற நாட்டாரின் பழைய தொழில்நுட்பத்தால் விளைந்த விதிவிலக்காகக் காண்கிறது. விபத்து விசாரணை அறிக்கைகளைப் பயில்வோருக்கு இவ்விரு நிலைப்பாடுகளும் போதாதவையாகத் தோன்றும். ஏனெனில் அவ்வறிக்கைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுவது, கோளாறு முன்பே அறியப்பட்டிருந்தது என்னும் செய்தியேயாகும். அதனை அறிந்தவர் யார், அறிய வேண்டியிருந்தவர் யார், இருவருக்குமிடையே செய்தி எங்கே தடைப்பட்டது என்னும் வினாக்களே இக்கட்டுரையின் களம்.

நிறுத்திய பின்னும் ஆறாத உலை

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி ஊட்டுவதை நிறுத்தினால் வெப்ப உற்பத்தி விரைவில் அடங்கிவிடும். அணு உலையின் நிலை வேறு. கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே இறங்கியதும் யுரேனியப் பிளவுத் தொடர்வினை சில நொடிகளில் நின்றுவிடுகிறது. எனினும் அதுவரை பிளவுற்ற அணுக்களின் சிதறல்கள் கதிரியக்கச் சிதைவுக்கு உள்ளாகித் தொடர்ந்து வெப்பத்தை உமிழ்கின்றன. இதுவே சிதைவு வெப்பம். நிறுத்தப்பட்ட கணத்தில் இது முழுத்திறனில் ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடாகவும், ஒரு மணி நேரத்திற்குப் பின் ஒன்றரை விழுக்காட்டளவிலும், ஒரு நாளுக்குப் பின் அரை விழுக்காட்டளவிலும் இருக்கும். விழுக்காட்டில் சிறிதாகத் தோன்றும் இவ்வளவு, நடைமுறையில் சிறிதன்று. 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் வெப்பத்திறன் சுமார் 3000 மெகாவாட் ஆதலால், நிறுத்திய நொடியில் 200 மெகாவாட்டளவு வெப்பமும், மறுநாளும் 15 மெகாவாட்டளவு வெப்பமும் எஞ்சியிருக்கும். இவ்வெப்பத்தை நீர் சுமந்து வெளியேற்ற வேண்டும். நீரை இயக்க எக்கிகள் வேண்டும்; எக்கிகளுக்கு மின்சாரம் வேண்டும்.

நீர் குறைந்தால் எரிபொருள் தண்டுகள் வெளிப்படுகின்றன. அவற்றின் சிர்க்கோனியக் கலப்பு உலோக உறை மிகுவெப்பத்தில் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடுகிறது. தொடர்ந்து எரிபொருளே உருகுகிறது. திரீ மைல் ஐலண்டிலும் ஃபுகுஷிமாவிலும் உலைகள் உரிய நேரத்தில் நின்றுவிட்டன. நின்ற பிறகே உருகின. செர்னோபில் மட்டுமே தொடர்வினை கட்டுமீறியதால் நேர்ந்தது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளாமல் மூன்றையும் ஒரே வகையில் அடக்குவது பிழையாகும்.

1957: இரு விபத்துகள், இரு வகை மௌனம்

1957 செப்டம்பர் 29 அன்று சோவியத் ஒன்றியத்தின் யூரல் பகுதியிலுள்ள மாயக் வளாகத்தில், கதிரியக்கக் கழிவுத் தொட்டி ஒன்றின் குளிர்விப்பு அமைப்பு செயலிழந்து தொட்டி வெடித்தது. பன்னாட்டு அணு நிகழ்வு அளவுகோலில் ஆறாம் நிலையில் வைக்கப்பட்டுள்ள இவ்விபத்தை உலகம் பல்லாண்டுகள் அறியவில்லை. நாட்டைவிட்டு வெளியேறிய உயிரியலாளர் ஷோரஸ் மெத்வதேவ் 1976-இல் இதுபற்றி எழுதியபோது மேலை அறிவியலாளர் சிலரே அதனை நம்ப மறுத்தனர். சோவியத் அரசு 1989-இல்தான் ஒப்புக்கொண்டது.

மாயக் விபத்து நிகழ்ந்த இரு வாரங்களுக்குள், அக்டோபர் 10 அன்று, இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் புளுட்டோனிய உலையில் தீப்பற்றியது. காற்றால் குளிர்விக்கப்பட்ட கிராஃபைட் உலை அது. கிராஃபைட்டில் சேர்ந்திருந்த ஆற்றலை வெளியேற்றுவதற்காக அதனைச் சூடேற்றும் வழக்கமான பணியின்போது எரிபொருள் எரியத் தொடங்கியது. இயற்பியலாளர் ஜான் காக்கிராஃப்ட் வற்புறுத்தியதால் புகைபோக்கியின் உச்சியில் வடிகட்டிகள் பொருத்தப்பட்டிருந்தன. வீண்செலவு எனக் கருதி, 'காக்கிராஃப்டின் மடமை' என்று அதுவரை எள்ளப்பட்டவை அவை. வெளியேறிய கதிரியக்கத் துகள்களில் பெரும்பகுதியை அவையே தடுத்தன.

தப்பிச் சென்ற அயோடின்-131 புல்லில் படிந்து, பசுவின் வழியாகப் பாலில் கலந்தது. குழந்தைகளின் தைராய்டு சுரப்பி அயோடினை விரைந்து ஈர்ப்பதால், சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து சேகரிக்கப்பட்ட பால் சில வாரங்களுக்குக் கீழே கொட்டப்பட்டது. அயோடின்-131-இன் அரை ஆயுள் எட்டு நாட்களே. எனவே சில வாரங்கள் பாலைத் தவிர்த்தாலே ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். விபத்தின் முழு விசாரணை அறிக்கையை அன்றைய பிரதமர் மேக்மில்லன் வெளியிட இசையவில்லை. அது 1988-இல்தான் வெளிவந்தது. ஆயினும் பாலைப் பற்றிய பாடம் அன்றே எல்லோரும் அறிய நிகழ்ந்தது. அப்பாடத்தின் பிற்கால வரலாறு செர்னோபில் பகுதியில் தொடரும்.

ஓஹையோவில் அறியப்பட்டது, பென்சில்வேனியாவில் அறியப்படாதது

1977 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் ஊட்டுநீர் தடைப்பட்டது. அழுத்தம் உயர்ந்ததால் அழுத்தத் தணிப்பு வால்வு திறந்தது. பின்னர் மூடிக்கொள்ளத் தவறியது. குளிர்விப்பு நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. ஆனால் அழுத்தக்கலனின் நீர்மட்டமானி உயர்வையே காட்டியது. நீர் மிகுந்துவிட்டதெனக் கருதிய இயக்குநர்கள் அவசரகால நீரூட்டலைக் குறைத்தனர். அப்போது உலை முழுத்திறனில் 9 விழுக்காட்டளவிலேயே இயங்கிக்கொண்டிருந்தது. சுமார் இருபது நிமிடங்களில் கோளாறும் கண்டறியப்பட்டதால் தீங்கு விளையவில்லை.

உலையை வடிவமைத்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் 1978 பிப்ரவரியில் ஒரு குறிப்பு எழுதினார். இதே நிகழ்வு முழுத்திறனில் இயங்கும் உலையில் நேர்ந்தால் எரிபொருள் வெளிப்பட்டுச் சிதையக்கூடும் என்றும், இயக்குநர்களுக்குத் தெளிவான அறிவுறுத்தல் அனுப்பப்பட வேண்டும் என்றும் அதில் எச்சரித்தார். அக்குறிப்பு நிறுவனத்தின் ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று, எவரும் விடை தராத ஓர் ஐயத்தோடு நின்றுபோனது. நிலையங்களுக்கு எதுவும் சென்று சேரவில்லை.

பதின்மூன்று மாதங்கள் கழித்து, 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணியளவில், பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் இரண்டாம் உலையில் அதே நிகழ்வு 97 விழுக்காடு திறனில் நேர்ந்தது. ஊட்டுநீர் நின்றது, உலை சில நொடிகளில் தானாக நின்றது, தணிப்பு வால்வு திறந்து அப்படியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த விளக்கு, வால்வுக்கு 'மூடு' என்னும் கட்டளை சென்றதை மட்டுமே காட்டுவதாக அமைக்கப்பட்டிருந்தது. அது உண்மையில் மூடியதா என்பதைக் காட்டும் கருவி இல்லை. முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை மணிகள் ஒருங்கே ஒலித்தன. இயக்குநர்கள் டேவிஸ்-பெஸ்ஸியில் நடந்ததையே செய்தனர், நீரூட்டலைக் குறைத்தனர். இரண்டு மணி நேரத்திற்கும் மேல் கழித்தே தடுப்பு வால்வு மூடப்பட்டது. அதற்குள் உலைமையத்தின் மேற்பகுதி நீருக்கு வெளியே வந்துவிட்டது.

விபத்தை ஆராய்ந்த கெமனி ஆணையம், இயக்குநர்களின் பிழையை மறைக்கவில்லை. ஆயினும் அப்பிழைக்கு அவர்களைப் பயிற்றுவித்த முறையையும், கட்டுப்பாட்டு அறையின் அமைப்பையும், அனுபவத்தைப் பகிராத தொழில்துறையையும், ஒழுங்குமுறை ஆணையத்தையும் பொறுப்பாக்கியது. பெரிய குழாய் உடைவதையே கற்பனை செய்து பழகிய துறைக்குச் சிறிய வால்வு ஒன்றின் பழுது எட்டவில்லை என்பது அவ்வறிக்கையைப் படிப்போர் கண்டுகொள்ளத்தக்கது. உறுதியான கான்கிரீட் காப்புக்கட்டடம் கதிரியக்கத்தைப் பெருமளவு உள்ளடக்கியதால் சுற்றுவட்டார மக்கள் பெற்ற கதிர்வீச்சு மிகக் குறைவு. ஓராண்டுக்குள்ளாகவே, நிலையங்கள் தம் அனுபவங்களைப் பரிமாறிக்கொள்ள அமெரிக்க மின்நிறுவனங்கள் தனி அமைப்பொன்றை நிறுவின.

செர்னோபில்: பொத்தானும் பாலும்

செர்னோபிலில் இருந்தது கிராஃபைட் தணிப்பானும் நீர்க் குளிர்விப்பும் கொண்ட ஆர்.பி.எம்.கே. வகை உலை. அவ்வகையில் நீர் ஆவியாகி வெற்றிடங்கள் மிகுந்தால் தொடர்வினை தணிவதற்கு மாறாக வலுக்கும். மற்றொரு குறை கட்டுப்பாட்டுத் தண்டுகளில் இருந்தது. அவற்றின் கீழ்ப்பகுதியில் கிராஃபைட் இணைக்கப்பட்டிருந்தது. முற்றிலும் மேலே இழுக்கப்பட்ட தண்டு கீழிறங்கத் தொடங்கும்போது, அக்கிராஃபைட் உலையின் அடிப்பகுதியிலுள்ள நீரை முதலில் வெளியே தள்ளும். நியூட்ரானை உறிஞ்சும் நீர் அகன்று கிராஃபைட் அவ்விடத்தை நிரப்புவதால், நிறுத்துவதற்கான செயலே சில நொடிகள் திறனை உயர்த்தும்.

1975 நவம்பர் 30 அன்று லெனின்கிராடு நிலையத்தின் முதல் உலையில், குறைந்த திறனில் இவ்வகை உலை நிலைகுலைவது வெளிப்பட்டு, எரிபொருள் வழி ஒன்று சேதமுற்றது. 1983-இல் லித்துவேனியாவின் இக்னலினா உலையைத் தொடங்கிச் சோதித்தபோது, தண்டுகள் இறங்கும் தொடக்கத்தில் திறன் உயர்வது அளவிடப்பட்டது. வடிவமைப்பாளர்கள் இதனை அறிந்திருந்தனர். செர்னோபில் இயக்குநர்களோ, அவசர நிறுத்தப் பொத்தானே ஆபத்தாகக்கூடும் என்பதை அறியாதவர்களாக 1986 ஏப்ரல் 26 நள்ளிரவுக்குப் பின் பணியில் இருந்தனர்.

மின்தடை ஏற்பட்டால், சுழன்று ஓயும் சுழலியின் எஞ்சிய விசையைக் கொண்டு எக்கிகளைச் சிறிது நேரம் இயக்க முடியுமா எனக் காணும் சோதனை அன்று நடைபெற்றது. ஒரு பாதுகாப்புச் சோதனையே பேரழிவுக்குக் காரணமானது கவனத்திற்குரியது. திறன் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்ந்தது. அதனை உயர்த்தத் தண்டுகள் பெரும்பாலும் வெளியே இழுக்கப்பட்டன. 1 மணி 23 நிமிடம் 40 நொடிக்கு நிறுத்தப் பொத்தான் அழுத்தப்பட்டது. அடுத்த சில நொடிகளில் உலை வெடித்தது. பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு 1986-இல் பழியைப் பெரிதும் இயக்குநர்கள்மீதே சுமத்தியது. 1992-இல் வெளியிட்ட மறு அறிக்கையில், வடிவமைப்புக் குறைகளையும் அவை தெரிவிக்கப்படாமையையும் முதன்மைப்படுத்தித் தன் முடிவைத் திருத்திக்கொண்டது. தன் முந்தைய அறிக்கையைத் திருத்தி வெளியிடும் நேர்மை நிறுவனங்களிடையே அரிதாகக் காணப்படுவது.

தீவிர கதிர்வீச்சு நோய் 134 பேருக்கு உறுதிசெய்யப்பட்டது. அவர்களுள் 28 பேர் அவ்வாண்டே இறந்தனர். பெரும்பாலோர் தீயணைப்போரும் நிலையப் பணியாளரும் ஆவர். அருகிலிருந்த பிரிப்பியாத் நகரின் ஏறத்தாழ 49,000 மக்கள் மறுநாள் பிற்பகலில்தான் வெளியேற்றப்பட்டனர். அதற்கப்பாலுள்ள பெலாரஸ், உக்ரைன், ரஷ்யச் சிற்றூர்களில் குழந்தைகள் வழக்கம்போல் பால் அருந்தினர். விபத்தின்போது பதினெட்டு வயதுக்குட்பட்டோராக இருந்தவர்களிடையே 2005 வரை 6,000-க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் பதிவாயின. அவற்றுள் பெரும்பகுதிக்கு அயோடின் கலந்த பாலே காரணம் என ஐக்கிய நாடுகள் அவையின் கதிர்வீச்சு விளைவுகள் பற்றிய அறிவியல் குழு கருதுகிறது. சிகிச்சையால் பெரும்பாலோர் உயிர் பிழைத்தனர் என்பது ஆறுதல். அண்டை நாடான போலந்து, சோவியத்தின் அறிவிப்புக்குக் காத்திராமல் தன் அளவீடுகளைக் கொண்டே முடிவெடுத்து, சில நாட்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடின் கரைசல் வழங்கியது. விண்ட்ஸ்கேலில் பால் கொட்டப்பட்டு அப்போது 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மின்வடங்கள்: பிரௌன்ஸ் ஃபெரியும் நரோராவும்

1975 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து பிரௌன்ஸ் ஃபெரி நிலையத்தில், சுவர்த்துளைகளில் காற்றுக் கசிவைக் கண்டறியப் பணியாளர் ஒருவர் மெழுகுவர்த்திச் சுடரைப் பயன்படுத்தினார். அடைப்புக்குரிய நுரைப்பொருளில் தீப்பற்றி 1,600-க்கும் மேற்பட்ட மின்வடங்கள் எரிந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று என இரட்டிப்பாக அமைக்கப்பட்ட பாதுகாப்பு அமைப்புகளின் வடங்கள் ஒரே வழியில் சென்றதால் இரண்டும் ஒருசேர இழக்கப்பட்டன. வடங்களைப் பிரித்துத் தீத்தடுப்பு இட வேண்டும் என்பது அதன்பின் அமெரிக்காவில் விதியாயிற்று.

1993 மார்ச் 31 அதிகாலையில் உத்தரப் பிரதேசத்தின் நரோரா முதல் உலையில் சுழலியின் அலகுகள் முறிந்தன. மின்னாக்கியைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் தீப்பற்றியது. தீ வடங்களுக்குப் பரவியது. முதன்மை வடங்களும் மாற்று வடங்களும் போதிய பிரிப்பின்றி இருந்தமையால் நிலையம் முழுதும் ஏறத்தாழ 17 மணி நேரம் மின்சாரமின்றிப் போயிற்று. கட்டுப்பாட்டு அறையில் புகை சூழ்ந்து பணியாளர்கள் வெளியேற நேர்ந்தது. டீசலால் இயங்கும் தீயணைப்பு எக்கிகளைக் கொண்டு நீராவியாக்கிகளுக்கு நீர் செலுத்தி அவர்கள் சிதைவு வெப்பத்தை அகற்றினர். சிலர் கைவிளக்குகளுடன் உலைக் கட்டடத்தின் மேலேறி, புவியீர்ப்பால் போரான் கரைசலை இறக்கும் வால்வுகளைக் கையால் திறந்தனர். எரிபொருளுக்குச் சேதமில்லை, கதிரியக்கமும் வெளியேறவில்லை. இந்திய அணுசக்தி வரலாற்றில் இவ்விரவு பெறவேண்டிய கவனத்தை இன்னும் பெறவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து ஃபுகுஷிமாவில் எழவிருந்த அதே இடரை, முழு மின்னிழப்பை, நரோரா பணியாளர்கள் எதிர்கொண்டு கடந்தனர்.

கடல்நீர்: கல்பாக்கத்திலிருந்து ஃபுகுஷிமாவுக்கு

1999 டிசம்பர் 27 இரவு, பிரான்சின் பிளேயே நிலையத்தில் புயலால் ஜிரோந்து கழிமுகத்தின் நீர் தடுப்பணையைத் தாண்டி உட்புகுந்து, பாதுகாப்பு எக்கிகள் சிலவற்றை மூழ்கடித்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கல்பாக்கத்தைத் தாக்கியது. அப்போது இயங்கிக்கொண்டிருந்த சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலைக்குரிய எக்கி மனையில், கடலடிச் சுரங்கவழியாக நீர்மட்டம் உயர்ந்து எக்கிகள் நின்றன. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. வேக ஈனுலைக்காகத் தோண்டப்பட்ட அடித்தளக் குழி நீரால் நிரம்பியது. நிலையம் தப்பினாலும், பணியாளர் குடியிருப்பில் உயிரிழப்புகள் நேர்ந்தன.

கல்பாக்கத்துச் செய்தி ஜப்பானைச் சென்றடைந்தது என்பதே இவ்வரலாற்றின் துயரமான பகுதி. அந்நிகழ்வையும் கருத்திற்கொண்டு ஜப்பானிய ஒழுங்குமுறையாளரும் மின்நிறுவனங்களும் 2006-இல் வெள்ளப்பெருக்கு ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தனர். நிலத்தளத்தைத் தாண்டும் பேரலை வந்தால் ஃபுகுஷிமா தாயிச்சியில் முழு மின்னிழப்பு நேரக்கூடும் என அக்குழுவில் அறியப்பட்டது. 2008-இல் நிலையத்தின் உரிமை நிறுவனமான டெப்கோ செய்த கணக்கீடு 15.7 மீட்டர் உயர அலைக்கு வாய்ப்புண்டு எனக் காட்டியது. நடைமுறையில் ஏற்கப்பட்டிருந்த அளவோ 5.7 மீட்டர். மேலும் ஆய்வு தேவை என்னும் காரணத்தால் தடுப்புப் பணி ஒத்திவைக்கப்பட்டது.

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு 9.0 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. இயங்கிய மூன்று உலைகளும் தாமாக நின்றன. வெளிமின்சாரம் அற்றதும் டீசல் மின்னாக்கிகள் இயங்கின. ஏறத்தாழ ஐம்பது நிமிடங்களில் சுமார் 14 மீட்டர் அலை வந்தது. சுமார் 35 மீட்டர் உயரமிருந்த கடற்கரை மேட்டை 10 மீட்டராக வெட்டித் தாழ்த்தியே முதல் நான்கு உலைகள் கட்டப்பட்டிருந்தன. மின்னாக்கிகளும் மின்பலகைகளும் பெரும்பாலும் அடித்தளங்களில் இருந்தன. மூன்று உலைகள் உருகின. ஹைட்ரஜன் வெடிப்புகள் கட்டடங்களைச் சிதைத்தன. உயரமான தளத்திலிருந்த, காற்றால் குளிர்விக்கப்படும் ஒற்றை மின்னாக்கி ஐந்தாம், ஆறாம் உலைகளைக் காப்பாற்றியது.

நிலநடுக்க மையத்திற்கு இன்னும் அருகிலிருந்தது ஒனகாவா அணுமின் நிலையம். அங்கு அலை சுமார் 13 மீட்டர் எழுந்தது. 869-ஆம் ஆண்டின் ஜோகன் பேரலையை நினைவில் கொண்டு, தொஹோகு மின்நிறுவனத்தின் யானோசுகே ஹிராய் வற்புறுத்தியதால் அந்நிலையம் 14.8 மீட்டர் உயரத்தில் அமைந்திருந்தது. அதன் உலைகள் பாதுகாப்பாகக் குளிர்விக்கப்பட்டன. வீடிழந்த ஊர்மக்கள் நிலைய வளாகத்தின் உடற்பயிற்சிக் கூடத்திலேயே அடைக்கலம் பெற்றனர். ஒரே கடற்கரை, ஒரே நாள், ஒரே பேரலை. வேறுபட்டது பழைய செய்தியை ஏற்றுக்கொண்ட விதம் மட்டுமே.

உயிரிழப்பும் அதன் கணக்கும்

உற்பத்தியாகும் மின்சார அலகு ஒன்றுக்கு நேரும் உயிரிழப்பைக் கணக்கிட்டால், அணுமின்சாரம் நிலக்கரியைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது. நிலக்கரிப் புகையால் ஆண்டுதோறும் நேரும் மரணங்கள் செய்தியாவதில்லை. இவ்வொப்பீடு சரியானதே, எனினும் முழுமையானதன்று. ஃபுகுஷிமாவில் தீவிர கதிர்வீச்சு நோயால் எவரும் இறக்கவில்லை. ஆனால் அம்மாநிலத்தில் பேரிடரைத் தொடர்ந்த இடப்பெயர்வாலும் சிகிச்சைக் குலைவாலும் மன அழுத்தத்தாலும் நேர்ந்தவையாக ஏற்கப்பட்ட மரணங்கள் 2,300-ஐத் தாண்டுகின்றன. மருத்துவமனைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் ஆயத்தமின்றிக் கொண்டுசெல்லப்பட்டோர் வழியிலேயே இறந்தனர். வெளியேற்றத் திட்டமும் பாதுகாப்பு அமைப்பின் ஓர் உறுப்பே என்பதை எந்திரவியல் நோக்கு எளிதில் மறந்துவிடுகிறது.

கேட்கவும் தடுக்கவும் வல்ல அமைப்பு

ஜப்பானின் பழைய ஒழுங்குமுறை முகமை, அணுசக்தியை ஊக்குவிக்கும் அமைச்சகத்தின் கீழேயே இருந்தது. 2012-இல் நாடாளுமன்றம் அமைத்த விசாரணை ஆணையம் இவ்வுறவைக் கண்டித்து, விபத்தை மனிதர்களால் விளைந்தது என்றது. அவ்வாண்டு செப்டம்பரில் தனித்த ஒழுங்குமுறை ஆணையம் உருவாயிற்று. இந்தியாவில் 1983-இல் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய சட்டத் தகுதியும் தற்சார்பும் இல்லை என்பதை, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2012-ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. அதனை மாற்ற 2011-இல் கொண்டுவரப்பட்ட மசோதா, 2014-இல் மக்களவை கலைந்ததும் காலாவதியாயிற்று.

பொறியமைப்பு முன்னேறியிருப்பதை மறுக்கவியலாது. கூடங்குளத்து உலைகளில் மின்சாரமின்றியே காற்றோட்டத்தால் சிதைவு வெப்பத்தை அகற்றும் அமைப்பும், உருகிய எரிபொருளைத் தாங்கும் கலனும் உள்ளன. முந்தைய விபத்துகளின் பாடங்களே இவ்வாறு இரும்பும் கான்கிரீட்டுமாக உருப்பெற்றவை. ஆனால் பாடங்கள் கிடைப்பதே மெதுவாகத்தான். திரீ மைல் ஐலண்ட் உலைக்குள் 1982-இல் ஒளிப்படக்கருவி இறக்கப்படும் வரை, உலைமையம் இடிபாடாகக் கிடப்பதைப் பொறியாளர் பலர் எதிர்பார்க்கவில்லை. ஏறத்தாழ பாதி உருகியிருந்தது என்பது மேலும் சில ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. ஃபுகுஷிமாவின் மூன்று உலைகளில் சுமார் 880 டன் உருகிய எரிபொருள் இடிபாடு கிடப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதிலிருந்து ஆய்வுக்காக முதன்முதலில் ஒரு துணுக்கு வெளியே எடுக்கப்பட்டது 2024 நவம்பரில், விபத்து நிகழ்ந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்; அதன் எடை 0.7 கிராம்.